வெள்ளை பைனில் கொப்புளத் துரு: முன்கூட்டியே கவாத்தா, புண் கண்டபின் வெட்டா?

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்கள் பக்கம் வெள்ளை பைன் என்னும் ஊசியிலை மரத்தை நடுகிறவர்களுக்குக் கொப்புளத் துரு என்னும் பூஞ்சை நோயை எதிர்கொள்ள நான்கு வழிகள் உண்டு: கீழ்க்கிளைகளை முன்கூட்டியே கழிப்பது, நோய் கண்ட கிளையை மட்டும் வெட்டுவது, அக்கம்பக்கத்துக் கரண்ட் (currant), கூஸ்பெர்ரி ஆகிய சிறுபழச் செடிகளைப் பிடுங்குவது, எதிர்ப்புத்திறன் கொண்ட கன்று நடுவது.

இந்தப் பூஞ்சை பைனிலிருந்து பைனுக்குத் தாவாது. கரண்ட், கூஸ்பெர்ரி இலைகளின் அடியில் உருவாகும் வித்துகள், கோடை கழிந்து குளிர்ந்த ஈர நாட்கள் வரும்போது பைனின் ஊசியிலைத் துளை வழியே நுழைகின்றன. அங்கிருந்து குச்சி, கிளை, கடைசியில் அடிமரம். பனித்துளி நெடுநேரம் காயாமல் நிற்பது தரையை ஒட்டிய கிளைகளில்தான். தொற்றில் பெரும்பகுதி முதல் 9 அடிக்குள் நடப்பது அதனால்தான்.

ஆகவே முன்கூட்டிய கவாத்துக்கே என் ஓட்டு. மரம் இடுப்பு உயரம் தாண்டியதும் அடி அடுக்கிலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேலேறி, 9 அடி வரை வெறுமையாக்க வேண்டும். பேராசை கூடாது: சிறு மரத்தில் உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கும், வளர்ந்தபின் பாதியும் பச்சைக் கிளையாக மிஞ்சாவிட்டால் வளர்ச்சி தடைபடும். பனிக்காலக் கடைசியில் வெட்டுங்கள்; வசந்தத்தில் பட்டை எளிதில் உரியும். கிளை மரத்தோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் கழுத்துக்குச் சற்று வெளியே வாள் வைக்க வேண்டும். மரத்தோடு ஒட்ட வெட்டினால் காயம் பெரிதாகும், குச்சி விட்டால் மூடாது. கனமான கிளையானால் ஒரு சாண் தள்ளி அடியிலிருந்து முதலில் அறுத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் விழும்போது பட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். பூச்சு எதுவும் தேவையில்லை.

வெட்டிய கிளைகளை எரிக்கவும் வேண்டாம். உயிருள்ள திசுவில் மட்டுமே வாழும் பூஞ்சை இது. கிளை காய்ந்தால் அதுவும் சாகும்.

நோய் கண்டபின் வெட்டுவதில் வேலை குறைவு. பச்சை மரத்தில் ஒரே ஒரு கிளை செம்பழுப்பாக நிற்கும். வசந்தத்தில் அதன் பட்டையில் ஆரஞ்சு கொப்புளங்கள் வெடிக்கும். நிறம் மாறிய பட்டையின் விளிம்புக்கும் அடிமரத்துக்கும் இடையே 4 அங்குலத்துக்குமேல் இருந்தால் வெட்டிக் காப்பாற்றலாம். அதற்குக் குறைந்தால் பூஞ்சை அநேகமாக அடிமரத்துக்குள் போயிருக்கும். அந்த மரத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். சிக்கல் என்னவென்றால், தொற்றி இரண்டு மூன்று ஆண்டு கழித்தே கொப்புளம் கண்ணில் படும். குட்டைக் கிளைகளில் அதற்குள் காரியம் முடிந்துவிடும். பக்கத்து மரங்களைக் காக்கவென்று நோயுற்ற பைனை வெட்டிச் சாய்ப்பதும் வீண்வேலை.

செடி பிடுங்குவதை அமெரிக்க அரசே பல பத்தாண்டு பெரும்படை வைத்துச் செய்து பார்த்துக் கைவிட்டது. வேர்த்துண்டு தங்கினாலே முளைக்கும். மண்ணில் கிடக்கும் விதை நெடுங்காலம் காத்திருக்கும். ஆனாலும் பைனைத் தொற்றும் வித்து பெரும்பாலும் 300 மீட்டருக்குள் விழுவதால், சிறு தோட்டத்தைச் சுற்றிப் பிடுங்குவதில் பயனுண்டு.

எதிர்ப்புத்திறன் ஆய்வு மேற்கு அமெரிக்க மாநிலமான ஐடஹோவில் 1950 முதல் நடக்கிறது. அங்கே உருவான கன்றுகள் மேற்கத்திய வெள்ளை பைன் வகை; மின்னசோட்டா பக்கத்து வெள்ளை பைனிலிருந்து அது வேறு இனம். அவற்றிலும் ஒரு பகுதிக்கு நோய் பிடிக்கும் என்பதால், நட்டபின் கீழ்க்கிளைக் கவாத்தை நிறுத்துவதில்லை.