சி மொழியின் டைப் குவாலிஃபயர்களோடு பன்னிரண்டு ஆண்டுகள்

கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சிப்புகளான மைக்ரோகன்ட்ரோலர்களுக்குச் சி மொழியில் நிரல் எழுதுவது பன்னிரண்டு ஆண்டுகளாக என் தொழில். ஒரு மாறியை எப்படிக் கையாள வேண்டும் என்று கம்பைலருக்கு, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு, சொல்லும் அடைமொழிகளே டைப் குவாலிஃபயர்கள். கான்ஸ்ட், வோலடைல், ரெஸ்ட்ரிக்ட் ஆகிய மூன்று டைப் குவாலிஃபயர்களையும் இத்தனை காலம் கையாண்டதில், எது எவ்வளவு உதவியது, எது எங்கே காலை வாரியது என்பதை இங்கே எழுதுகிறேன். சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரத்தில் நான்காவதாக வந்து சேர்ந்த அடாமிக், நான் வேலை செய்யும் சிறிய சிப்புகளில் இதுவரை தேவைப்படவில்லை.

வோலடைலை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். டைமர் இன்டரப்ட், அதாவது ஓடும் நிரலை இடைமறித்து ஓடும் சிறு நிரல், ஒரு மாறியை ஒன்றாக்கும். மெயின் லூப் அந்த மாறி ஒன்றாகும் வரை காத்திருக்கும். மேசையில் ஒழுங்காக ஓடிய அந்த நிரல், வெளியீட்டுக்காக ஆப்டிமைசேஷனை (நிரலைக் கம்பைலர் வேகமாக்கும் அளவை) உயர்த்தியதும் அப்படியே உறைந்து நின்றது. லூப்புக்குள் அந்த மாறியை மாற்றும் வரி எதுவும் இல்லாததால், அதை ஒரே ஒரு முறை செயலியின் உள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டருக்குள் படித்துக்கொண்டு, அதன் பிறகு நினைவகத்தைத் திரும்பிப் பார்க்காமல் கம்பைலர் சுற்றிக்கொண்டிருந்தது. மொழியின் விதிப்படி கம்பைலர் மேல் தவறில்லை. இரண்டு நாள் தேடிய பிழை, மாறியின் அறிவிப்பில் வோலடைல் என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்ததும் தீர்ந்தது.

அதன் பிறகு சில காலம் எங்கும் வோலடைல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது பொய்யான நிம்மதி. 8 பிட் ஏவிஆர் சிப்பில் 16 பிட் எண்ணியை இரண்டு பைட்டுகளாகத்தான் படிக்க முடியும். எண்ணி 255இல் இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்து முடித்த கணத்தில் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கிவிட்டால், பழைய கீழ் பைட்டும் புதிய மேல் பைட்டும் ஒட்டிக்கொண்டு 511 என்ற, எக்காலத்திலும் இல்லாத ஒரு மதிப்பு கிடைக்கும். ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று மட்டும்தான் வோலடைல் சொல்கிறது. இடையில் யாரும் நுழையக் கூடாது என்று அது சொல்வதில்லை. படிக்கும் நேரத்துக்கு இன்டரப்டை நிறுத்திவைப்பதே அங்கே வழி.

மூன்றில் எனக்கு அதிகம் பயன்பட்டது கான்ஸ்ட். ஆனால் அதன் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாயின்டரில், அதாவது நினைவக முகவரியைக் கொண்ட மாறியில், வரும் கான்ஸ்டுக்கு, 'இந்த வழியாக நான் மாற்ற மாட்டேன்' என்பதே பொருள். வேறு வழியாக அந்த மதிப்பு மாறலாம். வன்பொருளே மாற்றுகிற, நாம் படிக்க மட்டும் செய்கிற ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைக் (வன்பொருளின் நிலையைக் காட்டும் இடத்தை) கான்ஸ்ட், வோலடைல் இரண்டும் சேர்த்து அறிவிப்பது இதனால்தான் முரணாவதில்லை. சி++ மொழியை உருவாக்கிய ஸ்ட்ரௌஸ்ட்ரப் இதற்கு முதலில் வைத்த பெயர் ரீட்ஒன்லி. அதுவே நிலைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஆர்ம் சிப்புகளில் அட்டவணைகளைக் கான்ஸ்ட் என்று அறிவித்தால் வழக்கமாக அவை ராமுக்கு வராமல், நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே இருந்துவிடும். அந்தப் பழக்கத்தில், தரவில் பிழை உண்டா என்று சோதிக்க உதவும், 256 உறுப்புகள் கொண்ட 32 பிட் சிஆர்சி அட்டவணையை ஏவிஆர் வகையான ஏட்மெகா328பி சிப்புக்கு அப்படியே கொண்டுபோனேன். அங்கே ஃபிளாஷுக்குத் தனி முகவரிவெளி என்பதால், அதற்கான கம்பைலரான ஏவிஆர் ஜிசிசியில் கான்ஸ்ட் மட்டும் போதாது. புரோக்மெம் என்ற குறிப்பையும் சேர்த்து, படிப்பதற்குத் தனி மேக்ரோவையும் பயன்படுத்த வேண்டும். அது தெரியாததால் 2048 பைட் ராமில் சரிபாதியை அந்த அட்டவணையே விழுங்கியிருந்தது.

பழைய நிரலில் ஒரு செயற்கூறின் (ஃபங்ஷன்) பாயின்டருக்குக் கான்ஸ்ட் சேர்த்தால், அது அழைக்கும் செயற்கூறுகளுக்கெல்லாம் அது பரவும் என்ற புலம்பலில் உண்மை உண்டு. ஆனால் அந்த வேலையைச் செய்து முடித்தபோதெல்லாம், படிக்க மட்டும் வேண்டிய இடத்தில் எழுதிக்கொண்டிருந்த வரி ஒன்றாவது சிக்கியது.

ரெஸ்ட்ரிக்டைப் பற்றி என் மதிப்பீடு கடுமையானது. அதன் முன்னோடியான நோஎலியாஸை 1988இல் சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிட்சியே எதிர்த்து, தரத்துக்குள் வராமல் தடுத்தார். ரெஸ்ட்ரிக்ட் 1999ஆம் ஆண்டுத் தரத்தில்தான் வந்தது. இந்தப் பாயின்டர் வழியாகத் தொடும் இடத்தை வேறு பாயின்டர் வழியாக மாற்ற மாட்டேன் என்று நாம் தரும் வாக்கு அது. அதைச் சரிபார்க்கும் கடமை கம்பைலருக்கு இல்லை. அணியின் (அரே) உறுப்புகளை ஒரு எண்ணால் வகுக்கும் செயற்கூறு ஒன்றில், அணி, வகுக்கும் எண் ஆகிய இரண்டின் பாயின்டர்களுக்கும் அதைப் போட்டிருந்தேன். உடன் பணிபுரிபவர் ஒருவர் அதே அணியின் மிகப் பெரிய உறுப்பின் முகவரியையே வகுக்கும் எண்ணாக அனுப்பினார். ஆப்டிமைஸ் செய்த நிரலில், வகுக்கும் எண் முன்கூட்டியே ரெஜிஸ்டரில் இருந்ததால் விடை சரியாக வந்தது. ஆப்டிமைஸ் செய்யாத, பிழை தேடுவதற்கான டீபக் பில்டிலோ அந்த உறுப்பு வகுபட்டு 1 ஆனதும், அதற்குப் பின்னால் இருந்தவை அனைத்தும் 1ஆல் வகுக்கப்பட்டு மாறாமல் நின்றன. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. வகுக்கும் எண்ணைப் பாயின்டராக அல்லாமல் மதிப்பாகவே அனுப்பும்படி மாற்றினோம். அதன் பிறகு அந்தச் செயற்கூறில் ரெஸ்ட்ரிக்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.