பலகை இல்லாத சாயாக்கடையில் ஆறு ஆட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரைச் சாலையில் வலை பின்னுகிற கொட்டகையைத் தாண்டினால் நீலத் தகர ஷீட் போட்ட ஒரு சாயாக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. மேப்பில் தேடினாலும் வராது. ‘டிவிக்கடை எங்க?’ என்று யாரிடம் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

நான் நித்திரவிளையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் ஊர் கால்பந்து கிளப்பில் ரைட் பேக். இப்போது முழங்கால் மாடிப்படிக்கே சம்மதிப்பதில்லை, அதனால் பார்ப்பதோடு சரி. வீட்டு டிவியில் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை என் மாமியாரின் ஆட்சி. 2026 கால்பந்து உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றின் இரண்டாம் சுற்றில் இந்தியாவுக்கு ஏ பிரிவு கிடைத்தது. கூட இருந்தவை கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். முதல் இரண்டு இடம் பிடித்தால் மூன்றாம் சுற்று, அதோடு 2027 ஆசியக் கோப்பைக்கு நேர் டிக்கெட். நவம்பர் 2023 தொடங்கி ஜூன் 2024 வரை இந்தியாவுக்கு ஆறு ஆட்டம். ஆறையும் இந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் டிவி. 43 இஞ்ச். உப்புக்காற்று அரித்துவிடும் என்று கடைக்கார அண்ணன் அதை மீன்பெட்டி மூடுகிற பிளாஸ்டிக் தாளால் பொதிந்து வைத்திருப்பார். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்புதான் தாளைக் கழற்றுவார். அவ்வளவு பாதுகாத்தும் திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை விரல் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. இடது விங்கர் அந்தக் கோட்டுக்குள் போனால் திரும்பி வரும்வரை நமக்குத் தகவல் இல்லை.

இன்னொரு குறை, படம் போனிலிருந்து போகிறது. ஆப் வழியாக வருவதால் நிஜ ஆட்டத்துக்கும் நாம் பார்ப்பதற்கும் முக்கால் நிமிடம் வித்தியாசம். 2023 நவம்பர் 16 அன்று இது பெரிய கூத்தாகிவிட்டது. குவைத்தில் ஆட்டம், நம் நேரம் இரவு பத்து மணி. அன்றைக்கே கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிரிக்கெட் அரையிறுதி இருந்ததால் மற்ற கடைகளில் அதுதான் ஓடியது. இங்கே ஒருவரும் அதைக் கேட்கவில்லை. என் சித்தப்பா மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். அன்று ஸ்டேடியத்திலேயே இருந்தான். எழுபத்தைந்தாவது நிமிடம் என் போன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை, ஒரே கூச்சல். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. டிவியிலோ பந்து இன்னும் நடுமைதானத்தில் கிடக்கிறது. கோல் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு முப்பது பேர் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். நம் சாங்தே இடது பக்கத்திலிருந்து, அதுவும் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து, பந்தை உள்ளே போட்டான். மன்வீர் சிங் இடது காலால் அடித்தான். வலை குலுங்கியது. முன்கூட்டியே தெரிந்த கோலுக்கு இவ்வளவு சத்தம் போடலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. 1-0. ஆறு ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் கடையில் ஒரு சட்டம் வந்தது. ஆட்டம் நடக்கும்போது வெளியூர்ப் போனை யாரும் எடுக்கக்கூடாது.

சாப்பாடு. ஆட்ட நாளில் முப்பது ரூபாய்க்கு டோக்கன், ஒரு சாயாவும் ஒரு கடியும் அதில் அடக்கம். கடி என்றால் ரசவடை அல்லது பழம்பொரி. ரசவடையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வடை ஊறி, ஆனால் உடையாமல், நடுவில் கொஞ்சம் மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும் பதத்தில் வரும். ரசத்தில் மிளகு தூக்கல், மழை நாளில் அதுவே போதும். பழம்பொரி சுமார்தான், பழுக்காத ஏத்தன்காயில் போட்டுவிடுகிறார்கள். இடைவேளையில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன் கறியும் வரும், தட்டு அறுபது ரூபாய். பதினைந்து நிமிடத்தில் முப்பது பேருக்குப் பரிமாற இரண்டே பேர். ஆக, இரண்டாம் பாதியின் முதல் ஐந்து நிமிடம் பாதிப் பேர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நவம்பர் 21 அன்று புவனேஸ்வரில் கத்தாருடன் ஆட்டம். ஏற்கனவே நாலாவது நிமிடமே ஒன்று வாங்கியாகிவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் அல்மோயஸ் அலி போட்ட கோலை நான் பார்க்கவே இல்லை. சாளை முள்ளோடு இருந்தேன். 0-3. கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் தோற்று இரண்டே நாள் ஆகியிருந்தது. அன்று தட்டு மட்டும்தான் காலியானது, கடையில் பேச்சு இல்லை.

ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல் கூடப் போடாமல் திரும்பி வந்தார்கள். மார்ச்சில் சவூதியின் அபாவில் ஆப்கானிஸ்தானோடு ஆட்டம், நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரை. அண்ணன் எங்கள் ஒன்பது பேருக்காகக் கடையைத் திறந்து வைத்தார். 0-0. அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை, கட்டன் சாயா நன்றாக இருந்தது.

மார்ச் 26 விஷயம் வேறு. அன்று புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை. தவக்காலம் என்பதால் கடையில் பீஃப் கிடையாது, பரோட்டாவுக்குக் கடலைக் கறி. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் குஜராத்துக்கும் ஐபிஎல். நித்திரவிளையிலிருந்து இங்கே வரும் வழியில் ஆறு கடையை எண்ணினேன், ஆறிலும் மஞ்சள் சட்டைதான். இந்தக் கடையில் மட்டும் கவுகாத்தி. இந்தியா தரவரிசையில் 117, ஆப்கானிஸ்தான் 158, அதிலும் அவர்களுடைய ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் கால்பந்துச் சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வரவே இல்லை. நம் கேப்டன் சுனில் சேத்ரிக்கு அது 150-வது ஆட்டம். முப்பத்தெட்டாவது நிமிடம் பெனால்டி, போட்டார். சரி, இன்று முடிந்தது கதை என்று பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எழுபதாவது நிமிடம் சமன். எண்பத்தெட்டில் அவர்களுக்குப் பெனால்டி. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியில் ஒரு காலத்தில் ஆடின பெரியவர் ஒருவர் எப்போதும் மூலைத் தூணில் சாய்ந்து நிற்பார், உட்காரவே மாட்டார். அவர் டிவிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். ‘நான் பாக்கல மக்கா, நீ சொல்லு’ என்றார். 1-2. அவர் திரும்பவில்லை. அடுத்த கடையிலிருந்து சென்னை 63 ரன்னில் ஜெயித்த வெடிச்சத்தம் அப்புறம் கேட்டது. யாரோ ஒரு பையன் ‘நாமளும் அங்க போயிருக்கலாம்லா’ என்றான். அண்ணன் கல்லாவிலிருந்தே, ‘போவணும்னா போ பிள்ளே, டோக்கன் காச வாங்கிட்டுப் போ’ என்றார். பையன் போகவில்லை.

இந்தக் கடையை நான் மற்ற கடைகளுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் அந்தப் பதில்தான். கூட்டம் எங்கே போகிறதோ அங்கே சேனலைத் திருப்புகிற கடை இல்லை இது. கல்லாவுக்கு மேலே மாதா படம், பக்கத்தில் இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் இந்தியச் சட்டையில் நிற்கிற படம். 2019-இல் நாட்டுக்காக ஆடினவர். பக்கத்து ஊர்ப் பையன் ஆடின அணி என்பதால் தோற்றாலும் அது ஓட வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. வியாபாரக் கணக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஜூன் 6, கொல்கத்தா. குவைத்தோடு ஆட்டம், சேத்ரிக்குக் கடைசி ஆட்டம். பள்ளி திறக்க இன்னும் நாலு நாள் இருந்ததால் பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிப்போனேன். அவள் பள்ளியில் கோல்கீப்பர். இங்கேதான் கடையின் பெரிய குறை. அறுபது எழுபது ஆண்கள், பெண் என்று அவள் ஒருத்தி. மேற்குக் கரையில் ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்பதால் போட்டுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் கரையில். உட்கார இடமில்லை, கழிப்பறையும் இல்லை. அண்ணன் தன் நாற்காலியைக் கல்லாப் பக்கம் இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தார், நல்ல மனசு. ஆனால் ஒரு நாற்காலி போட்டுவிட்டால் ஆயிற்றா? பெண்பிள்ளைகள் பந்தாடுகிற ஊரில் அவர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு பெஞ்சாவது வேண்டும். இதை அவரிடமே சொன்னேன், தலையை ஆட்டினார்.

அன்று தகரத்தில் மழை கொட்டியது. கமெண்டரி ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. 0-0. சேத்ரி 151 ஆட்டம், 94 கோல் என்று முடித்துவிட்டு கண்ணைத் துடைத்தபடி வெளியே நடந்தார். படத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்தது. ‘அப்பா, இனி யாரு கோல் போடுவா?’ என்று மகள் கேட்டாள். ‘பாப்போம் மக்களே’ என்றேன். கடையில் அறுபது பேர் இருந்தும் வேறு நல்ல பதில் ஒருவரிடமும் இல்லை.

ஜூன் 11, தோகா. ஒன்பதே காலுக்கு ஆட்டம். கையில் ஐந்து புள்ளி, ஜெயித்தால் உள்ளே. கத்தார் ஏற்கனவே தேறிவிட்டதால் இளைஞர்களை இறக்கியிருந்தது. முப்பத்தேழாவது நிமிடம் சாங்தே கோல். கடை கூரை போய்விடும் என்று பயந்தேன். எழுபத்து மூன்றில்தான் அது நடந்தது. தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார், பந்து கோல் கம்பத்துக்கு வெளியே எல்லைக்கோட்டைத் தாண்டியது, கத்தார்க்காரன் ஒருவன் அதைக் காலால் உள்ளே இழுத்தான், யூசுஃப் அய்மன் போட்டான். நடுவர் கோல் என்றார். இந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது.

அண்ணன் படத்தை நிறுத்தினார். போன் வழியாக வருவதில் இருக்கிற ஒரே லாபம் அது. தூணில் சாய்கிற பெரியவர் மூலையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கிலை உருவி, டிவிக்கு அருகே போய், எல்லைக்கோட்டின் மேல் சரியாக ஒட்டவைத்துப் பிடித்தார். பந்து ஈர்க்கிலுக்கு அந்தப் பக்கம் முழுசாக இருந்தது. இடையில் பச்சைப் புல்லும் கொஞ்சம் தெரிந்தது. ‘வெளிய போச்சுல்லா? எல்லாரும் பாத்துக்கிடுங்க’ என்றார், ஏதோ நடுவர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மாதிரி. நாங்களும் ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் பார்த்தோம். அதற்குள் நிஜ ஆட்டம் எங்கோ போய்விட்டது. திரும்ப ஓடவிட்டபோது எண்பத்தைந்தில் இன்னொன்று. 1-2. குவைத் ஆப்கானிஸ்தானை ஜெயித்து ஏழு புள்ளியோடு இரண்டாம் இடம். நமக்கு மூன்றாம் இடம். அடுத்த வாரமே பயிற்சியாளர் ஸ்டிமாக்கை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, நடுவரைத் திட்டுவதற்கென்றே சாயா குடிக்கப் போனேன். பகலில் ஓடாத டிவி ஓடிக்கொண்டிருந்தது. குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தீ. எல்லார் காதிலும் போன். வெளியூர்ப் போன் எடுக்கக்கூடாது என்கிற சட்டத்தை யாரும் நினைக்கவில்லை. என் சித்தப்பா மகன் இருப்பது அதற்குப் பக்கத்தில், ஃபஹாஹீலில். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒன்றேகால் மணிக்கு, ‘ட்யூட்டில இருந்தேன் அண்ணா, எனக்கு ஒண்ணுமில்ல’ என்று வாய்ஸ் வந்தது. எல்லார் போனிலும் அப்படி வரவில்லை என்பது இரண்டு நாள் கழித்து 45 உடல்களோடு விமானம் வந்தபோது தெரிந்தது. அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அன்று நான் அண்ணாந்து பார்த்தபோது முந்தின இரவு ஈர்க்கில் டிவி ஓரத்துச் சட்டத்தில் செருகியபடியே இருந்தது. செய்தி வாசிக்கிறவரின் தோளுக்குக் குறுக்கே அது தெரிந்தது. எடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக, போகிறவர்களுக்கு. பெஞ்சில் இடம் வேண்டுமானால் அரை மணி முன்னால் போங்கள், தடைக்காலமானால் ஒரு மணி. வலது பக்கம் உட்கார்ந்தால் ஃபேன் உண்டு, இடது பக்கம் அடுப்பு. பழம்பொரி வேண்டாம், ரசவடை ரெண்டாகச் சொல்லுங்கள். பைக்கை மணலில் நிறுத்தாதீர்கள், திரும்ப எடுக்கும்போது நாலு பேரைக் கூப்பிடவேண்டி வரும். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்றைப் பெண்களுக்கு ஒரு பெஞ்சு போட்டதும் கொடுத்துவிடுவேன், கறுப்புக் கோடு இருந்தால் இருக்கட்டும்.