மூளை ரத்தக்குழாய்க்குக் காமா நைஃப்: ஒரு சிவகாசிக்காரனின் மதிப்பீடு

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல், சிகிச்சைக்கு முன்பு நடந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கே சேரும்.

எனக்கு 42 வயது. சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன். கலர் பார்த்துக்கொண்டிருந்தபோது வலது கை தானாக வெட்டி இழுக்க ஆரம்பித்தது, அப்புறம் நினைவில்லை. வலிப்பு. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடது மூளையில் ஏ.வி.எம். என்கிற ரத்தக்குழாய்ச் சிக்கல் என்று வந்தது. தமனி ரத்தம் நுண்குழாய்கள் வழியாகப் போய் வேகம் தணியாமல், ஒரு சிக்கல் முடிச்சு வழியாக நேராகச் சிரையில் கொட்டுகிறது. அந்த அழுத்தத்துக்குச் சிரையின் சுவர் தாங்காது. ஒருநாள் கசியலாம், கசியாமலும் போகலாம். பிறவியிலேயே இருந்திருக்கும் என்றார்கள்.

சென்னையில் முதலில் போன ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்கேன் படம் இருந்த சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்பே பேக்கேஜ் ரேட் கைக்கு வந்துவிட்டது. அட்வான்ஸ் கட்டினால் வெள்ளிக்கிழமையே ஸ்லாட்டாம். கல்யாணப் பத்திரிகை ஆர்டருக்கே நான் இரண்டு முறை புரூஃப் காட்டுகிறவன். எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில்தான் இந்த நாலு நட்சத்திரம். டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கி, பேனா முனையால் முடிச்சைக் காட்டினார். மூன்று சென்டிமீட்டருக்கும் கீழே, ஆனால் வலது கையை அசைக்கும் பகுதியை ஒட்டி. ரத்தம் வடியும் சிரை மேல்பக்கம். அறுவையின் ஆபத்தைத் தரம்பிரிக்கிற ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் கணக்கில் அளவுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, மொத்தம் கிரேடு இரண்டு. இந்தக் கிரேடில் மண்டையைத் திறந்து எடுத்துவிடலாம், அன்றைக்கே பிரச்சினை தீரும் என்றார். ஆனால் கை பலவீனமாகும் வாய்ப்பு உண்டு. குழாய் விட்டுப் பசை அடைப்பது தனியாகச் செய்தால் பெரும்பாலும் முழுசாக மூடாது. காமா நைஃப் என்கிற கதிர்வீச்சு கொடுத்தால் கத்தி கிடையாது, ஆனால் மூட இரண்டு மூன்று வருஷம் ஆகும். நாலாவதாக, வலிப்பு மாத்திரையோடு சும்மா இருப்பது. அதையும் ஒரு வழியாகவே சொன்னார், தட்டிக் கழிக்கவில்லை.

அருபா என்கிற ஆய்வை அவரே எடுத்தார். 2014-ல் லான்செட் இதழில் வந்தது. வெடிக்காத ஏ.வி.எம். உள்ள 223 பேரில், மருந்தோடு விட்டவர்களில் 10.1 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மரணமோ, சிகிச்சை செய்தவர்களில் 30.7 சதவீதம். கேட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அவர்களைப் பார்த்தது சராசரியாக 33 மாதம். கதிர்வீச்சு பலன் கொடுக்க ஆரம்பிக்கிற நேரத்தில் கணக்கு முடிந்துவிட்டது. அதிலும் அறுவை, பசை, கதிர்வீச்சு எல்லாம் ஒரே பட்டியலில். இன்னொரு பக்கம், கசிவு ஆபத்து வருஷத்துக்கு இரண்டிலிருந்து நாலு சதவீதம். 105-லிருந்து வயதைக் கழித்தால் ஆயுள் முழுக்கக் கசிவதற்கான ஆபத்து எத்தனை சதவீதம் என்று தோராயமாக வரும் என்றார். எனக்கு 63 சதவீதம். அறுபது வயதுக்காரராக இருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

என் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி: “இந்த மூணு வருஷத்துக்குள்ள வெடிச்சா?”

“மூடுற வரைக்கும் அந்த ஆபத்து இருக்கத்தாம்மா செய்யும். அதுக்கு நான் கேரண்டி தர முடியாது” என்றார். அதைக் கேட்டபிறகுதான் இவரிடமே செய்யலாம் என்று இருவரும் முடிவெடுத்தோம். கை பிழைப்புக்கு வேண்டும், அதனால் கத்தி வேண்டாம்.

சிகிச்சை நாளில் கஷ்டம், தலை அசையாமல் பிடிக்கிற ஃப்ரேம்தான். நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு இடத்தில் ஊசி போட்டு மரக்கவைத்து, திருகை முறுக்கினார்கள். வலியைவிட, மண்டையை இடுக்கியில் பிடித்தது போன்ற இறுக்கம். கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது. அதோடேயே எம்.ஆர்.ஐ., மூளை ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கிற ஆஞ்சியோ. அப்புறம் அவர்கள் பிளான் போடும்வரை காத்திருப்பு. பசிதான் எடுத்தது. மெஷினுக்குள் சத்தமே இல்லை. 192 கோபால்ட் மூலங்களின் கதிர்கள் ஒரே புள்ளியில் சேருகின்றன. தனித்தனிக் கதிருக்கு வலு குறைவு, சேருமிடத்தில்தான் வேலை. ஸ்வீடன் மூளை அறுவை டாக்டர் லெக்ஸல் 1951-லேயே யோசித்த விஷயம். எனக்கு முடிச்சின் ஓரத்தில் 18 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு).

மெஷின்காரன் என்பதால் சோர்ஸ் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். கோபால்ட்-60 பாதியாகக் குறைய ஐந்தே கால் வருஷம். பழசானால் டோஸ் குறைவதில்லை, படுத்திருக்கும் நேரம்தான் நீளும் என்று இயற்பியலாளர் பொறுமையாக விளக்கினார். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். முடி கொட்டவில்லை.

ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்குப் பிறகு நடந்ததற்கு. மாதங்கள் கழித்து முடிச்சைச் சுற்றி வீக்கம் வந்து, வலது கை விரல்கள் மந்தமாகின. இது வரக்கூடியதுதான், டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததும் படிப்படியாகச் சரியானது. ஆனால் அன்று போனை எடுத்தவர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்லும் சிகிச்சைக்கு அவசர எண் ஒன்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே அச்சடித்திருக்க வேண்டும். வேண்டுமானால் நானே அடித்துத் தருகிறேன்.

போன எம்.ஆர்.ஐ.யில் முடிச்சு பாதியாகச் சுருங்கியிருக்கிறது. முழுசாக மூடியதா என்பதை ஆஞ்சியோதான் உறுதி செய்யும், அது இன்னும் பாக்கி. பைக் எடுப்பதில்லை, பையன்தான் பிரஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறான்.

போகிறவர்கள் ஆஞ்சியோ படங்களை டைகாம் என்கிற ஸ்கேன் பட ஃபைலாக சி.டி.யில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் கொடுத்து அனுப்புவார்கள், இரண்டாவது கருத்துக்குப் போகும்போது அது பற்றாது.