ஆதிரையா, ஆதிராவா, அதிராவா?

பெண் குழந்தைக்குப் பெயர் தேடினால் இந்த மூன்றும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். நட்சத்திரம், மின்னல், அசையாதவள் என்று பொருளும் கலந்துகட்டி இருக்கும். ஆங்கில எழுத்தில் தேடுவதால் வருகிற வினை இது.

ஆதிரையின் வேர் வடமொழி 'ஆர்த்ரா'. ஈரமானது என்று பொருள். 27 நட்சத்திரங்களில் 6ஆவது. வானத்தில் ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் தோளில் செம்மையாகத் தெரியும் பெட்டல்ஜூஸ்தான் அது. சீதா சீதை ஆனதுபோல இதுவும் 'ஐ' வாங்கிக்கொண்டது. ஆகவே 'தனித்தமிழ்ப் பெயர்' என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழுக்குள் வந்து அது சம்பாதித்த கதை பெரிது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து இறந்ததாகச் செய்தி வருகிறது, அவள் தீயில் இறங்குகிறாள், தீ சுடவில்லை. 'தீயும் கொல்லாத் தீவினையாட்டியேன்' என்று அதற்கும் அழுகிறாள். கணவன் உயிரோடு திரும்பியபின், அமுதசுரபியில் முதல் பிச்சை இடுவது அவள் கைதான். அப்புறம்தான் அந்தப் பாத்திரம் ஊர்ப்பசியை ஆற்றுகிறது.

ஆதிரா அதே நட்சத்திரம்தான், உச்சரிப்பு நவீனம். கேரளத்தில் 'ஆதிர' சாதாரணமாகப் புழங்கும் பெயர். காதுக்கு இனிமை, கதை குறைவு.

அதிரா வேறு சாதி. தமிழாகக் கொண்டால் 'அதிராத', அதாவது நடுங்காத. நல்ல பொருள்தான், ஆனால் பாதியில் நின்ற சொல்போல இருக்கிறது. பட்டியல்கள் சொல்லும் மின்னல் இதற்குரியது அல்ல. அது வடமொழி 'அதீரா', 'தீ' நெடில். அதே சொல்லுக்கு, காவியத் தலைவிகளைக் குணம் பார்த்துப் பிரிக்கும் வடமொழி நாயகி வகைப்பாட்டில் இன்னொரு வேலையும் உண்டு: தப்புச் செய்துவிட்டு வரும் காதலனை நேருக்கு நேர் திட்டித் தீர்ப்பவள். சிலருக்கு அதுவே பிடிக்கலாம்!

நட்சத்திரம் பார்த்து வைப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: திருவாதிரையில் பிறந்த பிள்ளைக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகளில் 'கு' உண்டு, 'ஆ' கிடையாது.

என் ஓட்டு ஆதிரைக்கு. ஒரு குறை உண்டு: பேச்சில் கடைசி 'ஐ' தேய்ந்து 'ஆதிரெ' ஆகிவிடும். வீட்டில் எப்படியும் 'ஆதி' என்றுதான் கூப்பிடப் போகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் அந்த 'ஐ' ஆங்கிலத்திலும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.