வேலூர் நேதாஜி மார்க்கெட்ல ஆப்பிள் வாங்கணும்னா இந்த கடைக்கு போங்க

வேலூர்ல ஆப்பிளுக்கு பஞ்சமே இல்லங்க. சிஎம்சி இருக்கற ஊரு, சொந்தத்துல யாராவது ஒருத்தர் அட்மிட் ஆகிதான் இருப்பாங்க, பாக்க போறவங்க வெறுங்கைய வீசினு போக முடியுமா, அதனால காந்தி ரோட்டுல தள்ளுவண்டிலயே பளபளன்னு அடுக்கி வெச்சிருப்பாங்க. நல்ல ஆப்பிளுக்குதான் பஞ்சம். ஒரு சூப்பர் மார்க்கெட்ல ஏசில வெச்சிருந்தத நம்பி வாங்கினு வந்து அறுத்தா கொட்டைய சுத்தி பூரா கருப்பு, மாத்தி தர முடியாதுன்னுட்டாங்க.

நேதாஜி மார்க்கெட் பழக்கடை வரிசைல இந்த அண்ணன் கடைக்கு போர்டு கூட கிடையாது, ஆப்பிள் பெட்டி ஆள் உயரத்துக்கு நிக்கும் அதான் அடையாளம். எனக்கு புடிச்சதே அவரு விலைய சொல்றதுக்கு முன்னாடி "யாருக்குக்கா?"ன்னு கேக்கறதுதான். எங்கப்பா ஆபரேஷன் ஆகி படுத்திருந்தப்ப நான் பெரிய பழமா பாத்து எடுத்தேன், "பல்லு கெட்டியா இருக்குதா அவருக்கு?"ன்னாரு, இல்லன்னதும் அத வாங்கி திரும்ப வெச்சிட்டு வேற பெட்டில இருந்து காலான்னு (Gala) ஒரு ரக ஆப்பிள், சின்ன சைஸா எடுத்து குடுத்தாரு, தோல் மெல்லிசு, அப்பா ஸ்பூன்ல சுரண்டியே சாப்ட்டாரு. அதுவும் விலை கம்மி பழம்! கைக்குழந்தைக்குன்னா இட்லி பானைல வேகவெச்சு மசிச்சு குடுங்கன்னு அவரே சொல்லுவாரு.

பழத்த விரலால சுண்டுவாரு, டங்குன்னு கேட்டா எடுப்பாரு, மொத்துன்னு இருந்தா உள்ள மாவு மாதிரி இருக்கும்னு ஓரமா வெச்சிடுவாரு. காம்புக்கு எதிர்பக்கம் குழில நெறம் பாப்பாரு. சந்தேகம்னா பெட்டில ஒண்ண அறுத்தே குடுப்பாரு. எது புதுசு எது குளிர் கிடங்குல இருந்து வந்ததுன்னு மறைக்காம சொல்றாரு பாருங்க, அதுக்கே நான் தோட்டப்பாளையத்துல இருந்து இங்க வருவேன். ஆடில இருந்து சிம்லா பழம், புரட்டாசி ஐப்பசில காஷ்மீர், அப்பதான் வாங்கணும். சித்திரைல விக்கற காஷ்மீர் பழம் போன வருஷம் பறிச்சு குளிர் கிடங்குல வெச்சதுதான், அந்த நேரத்துல நியூசிலாந்துல அறுவடை முடிஞ்சு வரும், அத வாங்குங்கன்னுவாரு.

நகத்தால சுரண்டி மெழுகு மெழுகுன்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு, ஆப்பிள் தோல்லயே இயற்கையா மெழுகு உண்டு, மேல பூசறதுக்கும் தேன்மெழுகு, கார்னூபா மெழுகு (ஒரு பனை வகை மரத்தோட இலைல இருந்து எடுக்கறது) மாதிரி சிலதுக்கு நம்ம நாட்டுல அனுமதி இருக்கு. வெதுவெதுப்பான தண்ணில தேச்சு கழுவினா போதும். அப்புறம் ஸ்டிக்கர் இருந்தா ஒசத்தின்னு நெனைக்காதீங்க. அதுல 4ல ஆரம்பிக்கற நாலு இலக்க நம்பர் இருந்தா சாதாரணமா வெளஞ்ச பழம், 9ல ஆரம்பிக்கற அஞ்சு இலக்க நம்பர்னாதான் ஆர்கானிக்.

விலை தினம் மாறும், பேரம் ரொம்ப பேச முடியாது. கொறைன்னா பார்க்கிங்தான், வண்டிய தூரமா விட்டுட்டு நடக்கணும், சாயந்திரம் கூட்டத்துல அவராலயும் ஒவ்வொரு பழமா பாத்து தர முடியாது, அதனால காலைலயே போயிடுங்க, கட்டப்பை எடுத்துனு போங்க. வீட்டுக்கு வந்ததும் வாழப்பழம் கீரை பக்கத்துல வெக்காதீங்க, ஆப்பிள்ல இருந்து வர்ற எத்திலீன் வாயு அதுங்கள சீக்கிரம் பழுக்க வெச்சு கெடுத்துடும். நம்ம ஊரு வெயிலுக்கு வெளிய வெச்சா ஆப்பிளும் தொவண்டுடும், தனியா கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் அடி ட்ரேல வெச்சிடுங்க.