தில்லியில் சிக்கனமாகத் தங்க: பழைய நகரத்துப் புது விடுதியா, பஹார்கஞ்சா, கரோல் பாக்கா?

செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் அருகிலுள்ள சந்துகளில் புதிய சிக்கன விடுதி ஒன்று திறக்கப்பட்டால், தொடக்கச் சலுகை விலையோடு அதன் படங்கள் செயலிகளில் வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, வழக்கமான பஹார்கஞ்சையும் கரோல் பாக்கையும் விட்டுவிட்டு இங்கே தங்கலாமா என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் எங்களைப் போன்ற தில்லித் தமிழர்களிடம் கேட்கிறார்கள். வருபவர்கள் யார், அவர்கள் எந்த வேளையில் சாப்பிட விரும்புகிறார்கள் என்ற இரண்டையும் வைத்தே நான் இதற்குப் பதில் சொல்வேன்.

பழைய தில்லியின் சிறந்த உணவு பெரும்பாலும் காலையில்தான் கிடைக்கிறது. இரவெல்லாம் அடுப்பில் வெந்த நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பு, மசூதியைச் சுற்றியுள்ள பல கடைகளில் காலை நேரத்திலேயே தீர்ந்துவிடும். சைவர்களுக்கு, சாவ்ரி பஜார் பக்கம் பேட்மி பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், அதோடு நாகோரி அல்வாவும் காலைப் பலகாரமாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் மட்டும் விற்கப்படும் தௌலத் கீ சாட் என்ற பால் நுரை இனிப்பு வெயில் ஏற ஏற அமுங்கிவிடுவதால், அதையும் முற்பகலிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். 1913 முதல் நடக்கும் கரீம்ஸ் போன்ற கடைகளில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அறைக்கு நடந்தே திரும்புவதும் தனிச் சுகம்தான். ஷாஜகானின் மகள் ஜஹானாரா அமைத்த சாந்தினி சவுக்கைக் கடைகள் திறப்பதற்கு முன், கூட்டமில்லாத நேரத்தில் பார்க்க விரும்புவோருக்கு இங்கே தங்குவதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் பெட்டிகளோடு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செங்கோட்டை முதல் ஃபதேபுரி வரையிலான பிரதான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சென்னையிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையிலேயே புது தில்லியை அடைந்துவிடுவதால், தாமதமாகாத நாளில் ஆட்டோவிலேயே விடுதிக்கு அருகில் போய்விடலாம். திரும்பும்போது வண்டி இரவு ஒன்பது மணியளவில் புறப்படுகிறது என்பதால், சைக்கிள் ரிக்‌ஷாவில் பெட்டிகளை ஏற்றி, நெரிசலில் நகர்ந்து, பிறகுதான் ஆட்டோ பிடிக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புது விடுதி என்றதும் புதுப் பெயின்ட்டிலும் வெள்ளை விரிப்பிலும் மயங்கிவிடக் கூடாது. குறுகிய மனையில் அடுக்கடுக்காக எழுப்பிய கட்டடங்களில், அறையின் சன்னல் தெருவைப் பார்க்காமல் உள்தாழ்வாரத்தையோ காற்றுக் குழியையோ பார்த்திருக்கும். சில அறைகளில் சன்னலே இருக்காது. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் இது மிகுந்த ஆபத்து. அகலமான சாலை இருந்தாலே பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். 2019 பிப்ரவரி 12 அன்று விடியும் முன் தீப்பிடித்து 17 பேர் உயிரிழந்த ஹோட்டல், கரோல் பாக்கில்தான் இருந்தது. தாழ்வாரங்களில் ஒட்டியிருந்த மரப்பலகைகளால் தீ வேகமாகப் பரவியது என்று அதிகாரிகள் அப்போது கூறினார்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே, அதன் கதவு பூட்டப்படாமல் இருக்கிறதா என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்படக் கூடாது. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தாலும் இதுவே என் முதல் கேள்வியாக இருக்கும்.

பஹார்கஞ்ச் ஓரிரவுக்குப் போதும். ரயில் நிலையத்தின் முதல் நடைமேடைப் பக்கமாக வெளியே வந்தால் நடந்தே போய்விடலாம். வாடகையும் பொதுவாகக் குறைவு. வாசலில் மறித்து, நீங்கள் பதிவு செய்த ஹோட்டல் மூடப்பட்டுவிட்டது என்று சொல்லும் தரகர்களை நம்ப வேண்டாம். விமானத்துக்குப் போகிறவர்கள், விமான நிலைய மெட்ரோ எதிர்ப்புறத்தில், அஜ்மீரி கேட் பக்கம் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு வருபவர்களுக்குக் கரோல் பாக்கையே சொல்வேன். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி அது; தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று அருகே பூசா சாலையில் இருக்கிறது. இட்லியும் தயிர்ச் சோறும் தேடி அலைய வேண்டியதில்லை. கரோல் பாக் மெட்ரோ நிலையத்திலிருந்து ராஜீவ் சௌக் மூன்றாவது நிறுத்தம்; அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறினால், அதிலும் மூன்றாவது நிறுத்தம் சாந்தினி சவுக். ஆகவே காலையில் சற்று முன்னதாகக் கிளம்பினால் பேட்மி பூரியைத் தவறவிட வேண்டியதில்லை. பின்னிரவில் அந்தச் சந்துகளில் நடக்கும் வாய்ப்பை மட்டும் இழக்க நேரும்.

விலையில் வரி பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். டிசம்பர், ஜனவரியில் கீசர் வேலை செய்கிறதா, ஆளுக்கொரு ரஜாய் (பஞ்சுப் போர்வை) உண்டா என்பவையே முக்கியம்.

இளம் தம்பதியோ நண்பர்களோ உணவுக்காகவே வந்தால், பழைய நகரத்துப் புது விடுதியில் இரண்டு இரவுகள் தங்கட்டும். தெருவைப் பார்த்த சன்னல் உள்ள அறை வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும். செங்கோட்டை திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால், அந்த இரண்டு நாட்களில் திங்கள் வராதபடி பயணச்சீட்டு எடுப்பது நல்லது.