தாம்பரம் அருகே ஒரு முதியோர் குடியிருப்பு: காரைக்குடிக் குடும்பத்தின் மதிப்பீடு

எங்கள் அப்பத்தாவுக்காகச் சென்னையில் பார்த்த முதியோர் குடியிருப்புகளுள் இதுவே மனநிறைவு தந்தது; காரைக்குடியிலிருந்து பல்லவன் விரைவு ரயிலில் வருவோர் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். முற்றத்தைச் சூழ்ந்த வளவும் கூடமான பட்டாலையுமாகப் பரந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு ஒற்றைப் படுக்கையறை சிறியதுதான் என்றாலும், வழுக்காத தரை, குளியலறைக் கைப்பிடி, கட்டிலருகே அழைப்பு மணி, இரவிலும் விழித்திருக்கும் செவிலியர் ஆகியவை, தனியே விழுந்துவிடுவாரோ என்ற எங்கள் அச்சத்தைப் பெரிதும் தணித்தன. சமையலில் நம் ஊர்ப் பக்குவம் இல்லை. வைப்புத்தொகையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், நடமாட்டம் குன்றினால் அங்கேயே பராமரிப்பார்களா என்பவற்றை எழுத்தில் பெறாமல் தயவுசெய்து கையொப்பமிடாதீர்கள். மறதிநோய் உள்ளவர்களை இங்கு சேர்ப்பதில்லை. பொதுவான ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.